சுண்ணாம்புப் பாறைக்குள் பெட்ரோலியம் எப்போது புகுந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எனக்குத் திருவாரூர் பக்கம். நரிமணம் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டே வளர்ந்ததால் நிலவியல் படித்தேன். எங்கள் காவிரிப் படுகையில் எண்ணெய் பெரும்பாலும் மணற்கல்லில் கிடைக்கிறது. நீங்கள் கேட்கும் சுண்ணாம்புப் பாறைக்கு, கடலுக்குள் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் நல்ல உதாரணம்.

கொத்தனாரின் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள்: குழாய்க்குள் திரவம், அதில் ஒரு குமிழி. பாறை இடுக்கில் கால்சைட் படிகம் வளரும்போது அங்கிருந்த நீரோ எண்ணெயோ ஒரு துளி உள்ளே மாட்டிக்கொள்ளும். பின்னால் பாறை குளிர்ந்ததும் துளி சுருங்கி, காலி இடத்தில் குமிழி உண்டாகும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே அது பெரிய துளிதான்.

பாறையைக் காகிதக் கனத்துக்குத் தேய்த்து, இருபுறமும் பாலிஷ் போட்டு, நுண்ணோக்கியில் வைத்துச் சூடாக்குவோம். குமிழி சிறுத்து, நடுங்கி, சட்டென்று மறையும். துளி மாட்டியபோது குறைந்தபட்சம் அந்த வெப்பநிலை இருந்திருக்கிறது. எண்ணெய்த் துளியில் குமிழி சீக்கிரமே மறைந்துவிடும். அதனால் கூடவே மாட்டிய நீர்த்துளியைத்தான் நம்புவோம். எண்ணெய் எது என்று காட்டிக்கொடுப்பது கள்ளநோட்டு பார்க்கும் விளக்கின் புற ஊதா ஒளி. லேசான எண்ணெய் நீலமாகவும் கனமானது மஞ்சள், பழுப்பாகவும் ஒளிரும்.

சரி, வெப்பநிலை எப்படிக் காலமாகும்? நீர்த்துளி 90 டிகிரி காட்டுகிறது, தரைமட்டத்தில் 30 டிகிரி, கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை சுமார் 2 கி.மீ. ஆழத்தில் இருந்தபோது எண்ணெய் வந்திருக்கிறது. அந்த ஆழத்துக்கு அது எப்போது போனது என்பதைப் படிவுகளின் வயதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல்லில் பழகியபோது நான் செய்த கூத்து ஒன்று. நீரின் உப்பளவு பார்க்கும் அவசரத்தில் முதலில் உறைய வைத்துவிட்டேன். ஃப்ரீசரில் மறந்த சோடா பாட்டில் கதைதான். கால்சைட் மெத்தென்ற கனிமம். பனி விரிந்து துளியின் கூட்டையே இழுத்துவிட்டது. அப்புறம் சூடாக்கினால் குமிழி மறைவதாயில்லை. கடைசியில் காட்டிய எண் பொய்யாக எகிறி நின்றது. கால்சைட்டில் எப்போதும் சூடு முதலில், குளிர் பிறகு.

அதைவிடக் கஷ்டம், துளி எந்தத் தலைமுறை என்று பிரிப்பது. படிகத்தின் வளர்ச்சி வரியோடு இருந்தால் படிகம் வளர்ந்தபோதே மாட்டியது. பின்னால் விழுந்து ஆறிப்போன விரிசலில் தையல் போட்டதுபோல் வரிசையாக இருந்தால் பிறகு வந்தது. இரண்டையும் கலந்து சராசரி எடுத்த அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

இன்று வெறும் தண்ணீர் வரும் கிணற்றின் பாறையிலும் எண்ணெய்த் துளிகள் மாட்டியிருப்பதுண்டு. அப்படியென்றால் ஒரு காலத்தில் எண்ணெய் அந்த வழியாக வந்து போயிருக்கிறது.