டிகிரி முடிக்காமல் வீடியோ கடையில் கேசட் கொடுத்துக்கொண்டிருந்த டெட் சராண்டோஸ் நெட்ஃபிளிக்ஸ் தலைவரானது வெறும் அதிர்ஷ்டம்தானே?

நானும் வீடியோ கடையில் கேசட் கொடுத்துக்கொண்டிருந்தவன். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் படித்துவிட்டு வேலைக்கு அலைகிறவர் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதிர்ஷ்டம் என்பது சரியில்லை.

சராண்டோஸ் அரிசோனாவில் வளர்ந்தவர். கல்லூரியைப் பாதியில் விட்டவர். எண்பதுகளில் அங்கே ஒரு வீடியோ கடையின் மேலாளர். கூட்டமில்லாத நேரத்தில் கடையிலிருந்த படங்களையெல்லாம் பார்த்து, யாருக்கு எது பிடிக்கும் என்று சொல்லப் பழகினார். பிறகு பல வருடம் கேசட் விநியோகத் தொழில். 2000-இல் சேர்ந்தபோது நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி. இணைத் தலைமைச் செயல் அதிகாரி ஆனது 2020-இல்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் என் மாமாவின் வீடியோ லைப்ரரியில் நான் இருந்தேன். கேட்ட படம் வெளியே போயிருந்தாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. சனிக்கிழமைகளில் ஒரு டீச்சர் வருவார். "தம்பி, அழுகைப் படம் வேண்டாம், மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒண்ணு கொடு" என்பார். யோசித்து எடுத்துக் கொடுப்பேன். திங்கட்கிழமை அவர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எந்தக் கேசட் ஓடுகிறது, எது தூசி படிந்து கிடக்கிறது என்று நோட்டைத் திறக்காமலே சொல்வேன்.

2011-இல் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ என்ற அமெரிக்க அரசியல் தொடருக்கு மாதிரி எபிசோடுகூடப் பார்க்காமல் 26 எபிசோடுக்குச் சம்மதித்தார் சராண்டோஸ். அந்தத் தொடரின் இயக்குநர் எடுத்த படங்களையும் அதன் நடிகரின் படங்களையும் சந்தாதாரர்கள் எவ்வளவு பார்க்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருந்தது. எங்கள் நோட்டில் இருந்ததும் அந்தக் கணக்குதான்.

உடனே "திண்டுக்கல்லும் ஹாலிவுட்டும் ஒன்றா" என்று சண்டைக்கு வராதீர்கள். அவருக்கு இடமும் காலமும் அமைந்தன, மறுக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் சரி என்றும் சொல்லவில்லை. 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியை எதிர்த்து அதன் ஊழியர்களே வெளிநடப்பு செய்தார்கள். அதைக் கையாண்டதில் தவறிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கவுன்ட்டரில் கற்றதும் படிப்புதான். கடை மூடிய பிறகு ஒரு கேபிள் சேனலில் படம் தேர்வு செய்யும் வேலைக்குப் போனேன். டிகிரி இல்லை என்றதும் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. என்ன படம் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. இத்தனை தளங்களுக்குச் சந்தா கட்டியும், எங்கள் கடையில் சாதாரணமாகக் கிடைத்த பழைய தமிழ்ப் படங்கள் பல எதிலும் இல்லை. அம்மா கேட்கிற படங்களை என்னால் போட்டுக் காட்ட முடியவில்லை. வீட்டுப் பரணில் அந்தக் காலக் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றி வையுங்கள்.