பெரிய சைட்கார் வண்டிக்கு மாறலாமா? கேள்வி பதில்

(சைட்கார் என்பது பைக்கின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு மாட்டும் இருக்கைப் பெட்டி. எல்லாப் பதிலிலும் அது இடப்பக்கம் இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு வலப்பக்கம் என்றால் இடம் வலத்தை மாற்றிப் படிக்கவும்.)

கேள்வி: சார், என்னுடையது 350 சிசி. 60-ஐத் தாண்டினாலே இன்ஜின் திணறுகிறது, சின்ன மேட்டுக்குக்கூடக் கியர் இறக்க வேண்டியிருக்கிறது. 650-க்கு மாறிவிடலாமா?

பதில்: ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றினீர்களா? தனி பைக்குக்குப் போட்ட கியர் விகிதத்திலேயே சைட்காரையும் இழுக்க வைப்பதுதான் பாதிப் பேரின் சிக்கல். முன் ஸ்ப்ராக்கெட் 17 பல் என்றால் 15 போடுங்கள். அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய 13 சதவீதம் கூடுதலாகச் சுற்றும், மேட்டில் இழுவை கிடைக்கும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் அந்த வேகத்தை இப்போதும் உங்களால் எட்ட முடியவில்லையே.

அடுத்து மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்தாலும் இன்ஜின் திணறத்தான் செய்யும். இரண்டையும் சரிசெய்த பிறகும், வழக்கமான சுமையோடு சமதளத்தில் 70-ஐப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறக்க வேண்டியிருந்தால் இன்ஜின் உண்மையிலேயே போதவில்லை. அப்போது மாறுங்கள்.

கேள்வி: வண்டி இடப்பக்கமே இழுக்கிறது, பின் டயர் சீக்கிரம் தேய்கிறது. பெரிய வண்டியில் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார்களே?

பதில்: அலைன்மென்ட் (மூன்று சக்கரமும் ஒன்றுக்கொன்று நிற்கும் நேர்ப்பாடு) தப்பாக இருந்தால் எந்த வண்டியும் இழுக்கும். பெரிய வண்டி இன்னும் பலமாக இழுக்கும்.

சமதளத் தரையில் நிறுத்துங்கள், மூன்று டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் சுமை சைட்காரிலும், உங்கள் எடையுள்ள ஒருவர் சீட்டிலும் இருக்க வேண்டும். காலி வண்டியில் எடுத்த அளவு ஓடும்போது மாறிவிடும். பைக்கின் இரண்டு சக்கரத்தையும் தாண்டி நீளும் நேரான அலுமினியக் குழாய் இரண்டு வேண்டும். ஒன்றைப் பைக்கின் இரண்டு சக்கரத்தையும் ஒட்டி வையுங்கள். முன் டயர் ஒல்லியாக இருந்தால் அதன் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் இடைவெளி சமமா என்று பார்க்க வேண்டும், ஹேண்டில் நேராக இருப்பது அப்போதுதான் உறுதியாகும். இன்னொன்று சைட்கார் சக்கரத்தை ஒட்டி. இரண்டு குழாய்க்கும் இடையே உள்ள தூரத்தை முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு முறை, பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். முன்னளவு 15 முதல் 20 மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதுதான் டோ-இன். ரொம்பக் கூடினால் டயர் பக்கவாட்டில் தேய்ந்து ஓரம் ரம்பம்போல் ஆகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

டோ-இன் முடிந்த பிறகே லீன்-அவுட்டுக்குப் போங்கள். பைக் சைட்காரை விட்டு வெளிப்பக்கமாக 1 முதல் 2 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் மேல் ஸ்ட்ரட் (பைக்கையும் சைட்காரையும் இணைக்கும் கம்பி) இரண்டையும் அரைச் சுற்று நீளமாக்கி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் மறுபடி அரைச் சுற்று. ஒரேயடியாகத் திருகினால் எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்பதே தெரியாமல் போகும்.

கேள்வி: அண்ணே, சைட்கார் நல்லாத்தான் இருக்கு. பைக்கை மட்டும் பெரிசா மாத்தினா போதுமா?

பதில்: பெரும்பாலும் போதாது தம்பி. காலி சைட்கார் பைக் எடையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 195 கிலோ பைக்குக்கு 65 கிலோ சரி. அதையே 240 கிலோ பைக்கில் மாட்டினால் இடப்பக்கத் திருப்பத்தில் சைட்கார் சக்கரம் சட்டென்று எழும்பும்.

அதைவிட முக்கியம் மாட்டும் இடம். நான்கு புள்ளி வேண்டும். கீழே இரண்டு, முடிந்தவரை தாழ்வாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும்; சுமை அவற்றில்தான். மேலே இரண்டு, சாய்வைப் பிடிக்க. இன்ஜினையே சட்டத்தின் பாகமாகக் கொண்ட பைக்குகளில் கீழ்க்குழாயே இருக்காது. அதற்குத் தனி சப்ஃபிரேம் (சைட்காரை மாட்டுவதற்கான துணைச் சட்டம்) செய்தாக வேண்டும். அலுமினியச் சட்டத்தில் கிளாம்ப் போட்டு இறுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். சப்ஃபிரேம், முன் ஃபோர்க், ஸ்ப்ராக்கெட், டயர் எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஏற்கெனவே பொருத்தி ஓடும் முழு வண்டி பல நேரம் மலிவாக முடியும்.

கேள்வி: ஓட்டி முடித்தால் தோள் வலி. பெரியது இன்னும் கனமாக இருக்குமோ?

பதில்: இருக்கும், ஃபோர்க்கை மாற்றாவிட்டால். ஹேண்டில் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். தனி பைக்கின் டிரெயில் சைட்காருக்கு அதிகம். லீடிங் லிங்க் ஃபோர்க் (முன்னோக்கி நீளும் சிறு கைகளில் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்) போட்டு டிரெயிலைப் பாதியளவுக்குக் குறைத்தால் ஹேண்டில் வெகுவாக இலகுவாகும். ஆனால் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பிக்கலாம், அதற்கு உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் வேண்டும். இதை இப்போதுள்ள வண்டியிலேயே செய்யலாம்.

கேள்வி: பிரேக் பிடித்தால் வலப்பக்கம் ஓடுகிறது.

பதில்: சைட்கார் சக்கரத்தில் பிரேக் இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. பைக் நிற்கப் பார்க்கிறது, சைட்கார் முன்னே தள்ளுகிறது. பெரிய வண்டி வாங்கினால் சைட்கார் பிரேக் இல்லாததை வாங்காதீர்கள்.

கேள்வி: இடப்பக்கத் திருப்பத்தில் சைட்கார் எழும்புவது பயமாக இருக்கிறது. அகலமான வண்டி உதவுமா?

பதில்: உதவும். அதற்குமுன் 25 முதல் 30 கிலோ மணல் மூட்டையைச் சைட்கார் சக்கரத்தின் அச்சுக்கு அருகில், தரைமட்டத்தை ஒட்டிக் கட்டிப் பாருங்கள். பின் டிக்கியில் போட்டால் பயன் குறைவு. எழும்பிவிட்டால் முன் பிரேக்கைப் பதறிப் பிடிக்காமல், ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் குறைத்து, ஹேண்டிலைக் கொஞ்சம் வலப்பக்கம் விடுங்கள், இறங்கிவிடும். காலி மைதானத்தில் வேண்டுமென்றே எழுப்பி இறக்கிப் பழகாமல் யாரையும் ஏற்ற வேண்டாம்.

கேள்வி: சைட்காரோடே வரும் யூரல் கியர்-அப் எடுக்கலாமா? நெடுஞ்சாலையில் வேகமாகப் போகத்தான்.

பதில்: வேகத்துக்கு என்றால் வேண்டாம். 749 சிசி, 41 ஹெச்பி, எடையோ 330 கிலோவை ஒட்டி. அதன் அருமை ரிவர்ஸ் கியரும், சைட்கார் சக்கரத்துக்கும் இன்ஜின் விசை கொடுக்கும் வசதியும். அதில் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் அமைப்பு) கிடையாது. அதனால் அந்த வசதியை மணல், சேறு, பனியில் மட்டும் போட வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும்.

கேள்வி: பழைய பெரிய வண்டி ஒன்று பார்த்திருக்கிறேன். பணம் கொடுக்கும்முன் எதைப் பார்க்க?

பதில்: சைட்காரை மாட்டும் கீழ் முன் புள்ளியின் வெல்டிங்கைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் உள்ளே விரிசல், விட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பானரால் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் தட்டுப்பட்டு நிற்கக்கூடாது, நின்றால் பேரிங் போயிற்று. கடைசியாக, இரண்டு பேர் எடையோடு டாப் கியரில் 50-ல் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.