மவுத் ஆர்கனில் மாற்று ட்யூனிங்: ஐந்தாம் துளையிலிருந்து தொடங்குங்கள்

பத்துத் துளை டயடோனிக் (ஒரு சுருதியின் ஏழு சுரங்களுக்கென அமைத்த) மவுத் ஆர்கனில் மாற்று ட்யூனிங், அதாவது சில சுரங்களை மாற்றியமைப்பது, முயன்று பார்க்கலாமா, எதில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் முதல் நாளே எல்லா ரீடையும் (சுரம் எழுப்பும் உலோக நாக்கு) மாற்றாதீர்கள். பழைய கருவி ஒன்றை எடுத்து, ஐந்தாம் துளையின் இழுப்பு ரீடை, அதாவது மூச்சை உள்ளிழுக்கும்போது ஒலிப்பதை, மட்டும் மாற்றுங்கள்.

சி சுருதிக் கருவியில் சி-யை ச என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை இழுத்தால் ம1 (சுத்த மத்தியமம்) வரும். அதை அரைச் சுரம் உயர்த்தி ம2 (பிரதி மத்தியமம்) ஆக்கினால் அதுதான் கன்ட்ரி ட்யூனிங். நடு ஸ்தாயியில் சங்கராபரணம் இருந்த இடத்தில் கல்யாணியின் சுரங்கள் வந்துவிடும். முதல்முறை அதைக் கேட்டபோது எனக்குப் புதுக் கருவியே கிடைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் துளை இழுப்பிலுள்ள ப-வை ஆதாரமாக வைத்தால் அங்கே சங்கராபரணம். பழைய ம1 தொலைந்துபோகாது. ஐந்தின் இழுப்பை அரைச் சுரம் பெண்ட் செய்தால் (வாயின் அமைப்பை மாற்றிச் சுருதியை வளைத்து இறக்கினால்) வந்துவிடும். இரண்டு முதல் ஐந்து வரை சேர்த்து இழுக்கும்போது வரும் அந்த ப்ளூஸ் இசைக் கார்டுதான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) போய்விடும்.

வேலை எளிது. இழுப்பு ரீடுகள் கீழ்த்தகட்டின் வெளிப்பக்கம் இருப்பதால் மூடியைக் கழற்றினாலே போதும். ரீடுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, நுனிப்பக்கம் லேசாகச் சுரண்டினால் சுருதி ஏறும். ரீடைத் தகட்டோடு பிடித்திருக்கும் ரிவெட் பக்கம் சுரண்டினால் இறங்கும். இரண்டு சுரண்டல், ஒரு சோதனை என்று நிதானமாகப் போங்கள். நான் முதலில் அவசரப்பட்டு ஆழமாகக் கீறிய ரீடு சில நாளில் விரிசல் விட்டது. சரியாக வந்ததும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ட்யூனரில் பாருங்கள், சற்று நகர்ந்திருக்கும்.

அப்புறம் பேடி ரிக்டர் என்ற ட்யூனிங். மவுத் ஆர்கன் கலைஞர் பிரெண்டன் பவர் உருவாக்கியது. மூன்றாம் துளை ஊதலில் உள்ள ப-வை முழுச் சுரம் ஏற்றி த ஆக்குவது. கீழ் ஸ்தாயியில் த வேண்டுமென்றால் மூன்றின் இழுப்பை முழுச் சுரம் பெண்ட் செய்துதான் எடுக்க வேண்டும்; வேகமான மெட்டில் அது சுத்தமாக நிற்பது கடினம். இந்த மாற்றத்துக்குப் பின் வெறும் ஊதலில் வரும். ப ஏற்கெனவே இரண்டின் இழுப்பில் இருப்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒரு துளையில் இரண்டு ரீடுக்கும் இடைப்பட்ட சுரங்கள்தான் பெண்டில் கிடைக்கும். மூன்றில் இப்போது பெண்டில் நி2 (கைசிகி நிஷாதம்) மட்டுமே மிஞ்சும். ப்ளூஸ் அதிகம் வாசிப்பவருக்கு அது வலிக்கும். ஊதல் ரீடு உள்பக்கம் இருக்கிறது, தகட்டையே கழற்ற வேண்டும். அதனால்தான் இதை இரண்டாவதாகச் சொல்கிறேன்.

சுரண்ட மனமில்லை என்றால் லீ ஆஸ்கர் நிறுவனத்தின் நேச்சுரல் மைனர் மவுத் ஆர்கன் வாங்கிப் பாருங்கள். அந்த அமைப்பில் க, நி இரண்டும் அரைச் சுரம் இறங்கியிருக்கும். ச-விலிருந்து கரகரப்பிரியா, ப-விலிருந்து நடபைரவி.

எதை மாற்றினாலும் அடுத்ததைத் தொடுமுன் இரண்டு வாரமாவது அதிலேயே வாசியுங்கள். மூன்றாம் துளையில் ப வரும் என்று பழகிய மூச்சு மாற எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது.