வாசகர் கேள்வி – பதில்: மனம் கவர்ந்த கேம் நாயகர் நாட்டை ஆள்வாரா?

கேள்வி: உயர்நிலை 2 படிக்கும் என் மகள் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ கேமில் வரும் இசபெல்மீது உயிரையே வைத்திருக்கிறாள். “இவர் பிரதமரானால் ஊரே நன்றாக இருக்கும்” என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு தாய், செங்காங்

பதில்: அவள் சொல்வதில் பாதி சரி, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். விலங்கு அண்டைவீட்டாரோடு ஒரு தீவில் வாழும் இந்தக் கேமில், ஊர் அலுவலகத்தில் இருக்கும் இசபெல் பொறுமைசாலி. ஒவ்வொரு நாளும் கேமைத் திறந்ததும் ஊர் அறிவிப்பைச் சொல்பவர் அவர்தான். நள்ளிரவில் போய் நின்றாலும் முகம் சுளிக்காமல் கேட்பார். பொதுப்பணிக்கு வருபவரிடம் இந்தக் குணம் இருந்தே ஆகவேண்டும்.

அடுத்து, ஓர் அண்டைவீட்டாரைப் பற்றி இசபெல்லிடம் புகார் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அண்டைவீட்டாரின் உடையோ பேச்சோ பழையபடி மாறும், அவ்வளவுதான். அவர் தீவைவிட்டுப் போகமாட்டார். யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பும் வராது. இசபெல் யாருக்கும் எதையும் மறுத்துப் பேச வேண்டிய நிலையைக் கேம் உருவாக்குவதே இல்லை. அவர் எல்லோருக்கும் பிடித்தவராக இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

பணம் எப்படிப் புரள்கிறது என்றும் பாருங்கள். தீவில் அதிகபட்சம் 10 விலங்கு அண்டைவீட்டார். வரி கிடையாது. தீவை நிர்வகிக்கும் டாம் நூக் தரும் முதல் வீட்டுக் கடன் 98,000 பெல்ஸ் (கேமில் புழங்கும் பணம்), கடைசி விரிவாக்கத்துக்கு 2,498,000 பெல்ஸ். வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தீவில் யாரும் கேட்பதில்லை. நம் சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) சலுகைக் கடனை இதன் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதன் வட்டி 2.6 விழுக்காடு. மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குக் கிடைக்கும் 2.5 விழுக்காட்டோடு 0.1 சேர்த்த கணக்கு அது. சேமிப்பவருக்கு வட்டி கூடினால் கடன் வாங்கியவருக்கும் கூடும். ஒரே குடும்பத்தில் அப்பா சேமிப்பவர், மகன் கடன்காரர் என்றும் இருக்கலாம். அந்த இருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தான் தலைவர் உட்கார்ந்திருக்கிறார். இசபெல்லை அந்த நாற்காலியில் நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மகளுக்கு ஆர்வம் இருந்தால், இதற்கு முன் 2012ல் ஜப்பானில் வெளியான ‘நியூ லீஃப்’ நல்ல ஒப்பீடு. அதில் ரயிலைவிட்டு இறங்கியதுமே விளையாடுபவரை மேயர் என்று வரவேற்றுவிடுகிறார்கள், தேர்தல் இல்லை. இசபெல் அவருடைய செயலாளர். மேயர் போடக்கூடிய ஆணைகள் 4. ஒவ்வொன்றுக்கும் 20,000 பெல்ஸ் செலவு, ஒரு நேரத்தில் ஒன்றுதான் நடப்பில் இருக்கும். ஊரைச் சீக்கிரம் எழுப்பும் ஆணையைப் போட்டால் இரவில் கடையை நீண்ட நேரம் திறந்து வைக்கும் ஆணையைப் போடமுடியாது. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எது வசதி, இரவு வேலை முடிந்து திரும்பும் அப்பாவுக்கு எது வசதி என்று மகளையே முடிவெடுக்கச் சொல்லுங்கள். அவள் தயங்குமிடத்தில் பேச்சைத் தொடங்கலாம்.

கேள்வி: ‘ஃபயர் எம்பளம்: திரீ ஹவுசஸ்’ விளையாடியவர்களில் பலருக்கு டிமிட்ரிதான் உயிர். அவரை நல்ல அரசர் என்று சொல்லலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், கதை முழுவதும் வெளிப்பட்டுவிடும்.

2019 ஜூலையில் நின்டெண்டோ சுவிட்சுக்கு வந்த இந்தக் கேமில் விளையாடுபவர் ஆசிரியர். எதிர்கால ஆட்சியாளர்களான டிமிட்ரி, கிளாட், எடெல்கார்டு என்ற மூன்று மாணவத் தலைவர்களில் ஒருவருடைய அணியைத் தேர்ந்தெடுக்கிறார். அவர்கள்மீது நமக்குப் பாசம் எப்படி வளர்கிறது? தொலைத்த கையுறையையோ புத்தகத்தையோ உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிறோம், உணவுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடுகிறோம், பிறந்தநாளில் தேநீருக்கு அழைத்து அவருக்குப் பிடித்த தேயிலையைத் தேடிப் பிடிக்கிறோம். நட்பு சி-யிலிருந்து பி-க்கும் ஏ-க்கும் ஏறுகிறது. இவை அனைத்தும் நாம் அவருக்காகச் செலவிட்ட நேரத்தின் கணக்கு. ஆளும் திறனை இவற்றில் எதுவும் அளக்கவில்லை. மணிக்கணக்கில் ஒருவருக்குத் தேநீர் ஊற்றிவிட்டால் அவர் தவறு செய்யும்போதும் மனம் அவர் பக்கமே சாயும்.

டிமிட்ரியின் தவறு சிறியதல்ல. போர் மூண்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின், அவருடைய தலைநகரம் ஃபெர்டியாட் எதிரியான பேரரசின் கூட்டாளி கையில் இருக்கிறது, மக்கள் அங்கே துன்பப்படுகிறார்கள். அவரோ பழிவாங்குவதற்காகப் படையை எதிர்த்திசையில் எதிரியின் தலைநகரை நோக்கி நடத்துகிறார். கூட இருப்பவர்கள் சொல்லிப் பார்க்கிறார்கள், காதில் ஏறவில்லை. கிரோண்டர் களத்தில் ரோட்ரிக், அதாவது அவருடைய தந்தையின் நண்பர், அவர்மீது பாய்ந்த கத்தியைத் தான் வாங்கிக்கொண்டு உயிர்விட்ட பிறகுதான் படை வீடு திரும்புகிறது. அதற்குப் பின் அவர் உண்மையிலேயே நல்லவராகிறார், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டில் அரசரைத் திருத்த இன்னொருவர் சாக வேண்டியிருக்கிறது என்றால், அவரைத் தடுத்து நிறுத்த அவையோ சட்டமோ அங்கே இல்லை என்று பொருள். பார்க்க வேண்டிய இடம் அது. டிமிட்ரியின் கண்ணீர் நம் பார்வையை அங்கிருந்து திருப்பிவிடுகிறது.

ஆட்சியை மட்டும் பார்த்தால் எங்கள் வாக்கு கிளாடுக்கு. அவருடைய கூட்டமைப்பில் அரசர் கிடையாது, ஐந்து பெருங்குடிகள் வட்டமேசையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பேரரசை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஓயாமல் வாதாடும்படி அவர் விட்டுவைக்கிறார். கூட்டமைப்பு ஒரு பக்கமும் சாயாததால் பேரரசும் உடனே படையெடுக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் நிலத்தில் பெரும்போர் இல்லை. குறையும் உண்டு: தான் யார், எங்கிருந்து வந்தவர் என்பதைக் கூட்டாளிகளிடமே மறைக்கிறார். அவர் வழியில் போர் முடிந்ததும் பதவியைப் பிடித்துக்கொண்டிராமல் விலகிப் போவதை அதோடு சேர்த்து எடைபோடுங்கள். எடெல்கார்டுக்குத் தனிப் பக்கமே வேண்டும், இன்னொரு முறை எழுதுகிறோம்.

கேள்வி: ஆள்வதன் கஷ்டத்தை நேர்மையாகக் காட்டும் கேம் எது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: 2018ல் போலந்தில் உருவான ‘ஃப்ராஸ்ட்பங்க்’. உலகம் உறைந்துவிட்டது, நடுவில் ஒரு நிலக்கரி உலை, சுற்றிலும் மக்கள். திரையின் அடியில் இரண்டு பட்டைகள்: நம்பிக்கை, அதிருப்தி. நம்பிக்கை வற்றினாலும் அதிருப்தி நிரம்பினாலும் தலைவர் துரத்தப்படுவார். உணவு குறைந்தால் கஞ்சியாக்கும் சட்டம் போடலாம். வயிறுகள் கூடுதலாக நிறையும், முணுமுணுப்பும் கூடும். மரத்தூள் கலக்கும் சட்டம் இன்னும் அதிகப் பேருக்கு எட்டும், ஆனால் ஆள்கள் நோயில் விழுவார்கள். அவசர வேலைநேரம் 24 மணி நேரம், அதில் சிலர் உயிரே போகலாம்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். அதிருப்தியைக் குறைக்கப் பொதுக்கூட்டம், காவல் கோபுரம், சிறை என்று ஒழுங்கு வழியில் சட்டங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசிச் சட்டத்தில் கையெழுத்திட்டதும் நம்பிக்கைப் பட்டையே திரையிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் கீழ்ப்படிதல் வந்து நிற்கும். ஆட்டத்தில் வென்றுவிடலாம். வென்ற பிறகு, இதெல்லாம் தகுமா என்று கேம் நம்மிடமே கேட்கும். நல்ல எண்ணத்தோடுதான் ஒவ்வொரு சட்டமும் போட்டோம் என்பது அப்போது நினைவுக்கு வரும்.

கேள்வி: ‘சிவிலைசேஷன்’ கேமில் ஒரு பிழையால் காந்தி அணுகுண்டு வீசுவாராமே, உண்மையா?
– வாசகர், ஈசூன்

பதில்: அந்தப் பிழைக் கதை கட்டுக்கதை. 1991ல் வந்த முதல் கேமில், இந்தியாவின் தலைவராக வரும் காந்தியின் மூர்க்க அளவு 1, மக்களாட்சிக்கு மாறினால் 2 குறையும், எண் பூஜ்யத்துக்குக் கீழே போகமுடியாமல் சுற்றிவந்து 255 ஆகிவிடும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று கேமை உருவாக்கிய சிட் மையர் 2020ல் வந்த தம் நினைவுக் குறிப்பில் எழுதிவிட்டார். ஆனால் 2010ல் வந்த 5ஆம் பதிப்பில் அணுகுண்டு விருப்பத்தை 10க்கு 12 என்று வேண்டுமென்றே வைத்தார்கள். 6ஆம் பதிப்பில் ஒவ்வொரு தலைவருக்கும் வெளிப்படையான கொள்கை ஒன்று, மறைவான கொள்கை ஒன்று. காந்திக்கு வெளியே அமைதி, உள்ளே அணுகுண்டு ஆசை அமைய வாய்ப்பு அதிகம். தூது அனுப்பி, வணிகம் செய்து தகவல் சேர்த்தால்தான் அந்த மறைவான பகுதி தெரியவரும். தலைவர் படத்தை மட்டும் பார்த்து எல்லையில் படையைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: வாக்குச்சீட்டில் எனக்குப் பிடித்த கேம் பாத்திரத்தின் பெயரை எழுதினால் எண்ணுவார்களா?
– முதல்முறை வாக்காளர், பொங்கோல்

பதில்: எண்ணமாட்டார்கள், அது செல்லாத வாக்கு. அச்சிட்ட வேட்பாளர் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தில் குறியிட்டால்தான் கணக்கு. நாடாளுமன்ற வேட்பாளருக்கு வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றில் ஒன்றிலாவது நாடாளுமன்ற நடவடிக்கையில் பங்கேற்கும் அளவுக்குப் பேசவும் எழுதப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். 2025 மே 3 பொதுத்தேர்தலில் வைப்புத்தொகை ஆளுக்கு 13,500 வெள்ளி. பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது.

கேள்வி: ஏப்ரலில் தமிழ் மொழி விழாவையொட்டி எங்கள் சமூக மன்றத்தில் “எந்த கேம் நாயகர் நல்ல தலைவர்?” என்று இளையர்களுக்கு விவாதம் நடத்த நினைக்கிறோம். எப்படி அமைப்பது?
– தொண்டூழியர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: 24 பேர், 4 குழு, ஒரு மணி நேரம் போதும். முதல் 5 நிமிடத்தில் இரகசிய வாக்கு எடுத்துப் பெட்டியை மூடிவிடுங்கள், எண்ண வேண்டாம். அடுத்த 10 நிமிடம் ஒவ்வொரு குழுவும் தன் நாயகர் தோன்றும் 2 நிமிடக் காட்சியைப் போட்டுக்காட்டட்டும். இதை விட்டுவிட்டால் அந்த கேமை விளையாடியவர்கள் மட்டுமே பேசுவார்கள், மற்றவர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள்.

பிறகு எல்லாக் குழுவுக்கும் ஒரே நெருக்கடியைக் கொடுங்கள். உதாரணமாக: புளோக்கில் பழைய மின்தூக்கி, எதிர்ப்புறம் கூரையில்லாத நடைபாதை. கையிலுள்ள நிதி ஒன்றுக்குத்தான் போதும். 11ஆம் மாடியில் சக்கரநாற்காலியில் ஒரு பாட்டி, எதிர்ப்புறப் பாலர்பள்ளிக்கு மழையில் நடக்கும் 40 பிள்ளைகள். தங்கள் நாயகர் எதைத் தேர்வார், கிடைக்காதவர்களிடம் போய் என்ன சொல்வார் என்று 15 நிமிடத்தில் தமிழில் எழுத வேண்டும். கேமில் அவர் செய்த ஒரு செயலையாவது சான்றாகக் காட்டாத வரிக்கு மதிப்பெண் கிடையாது. இந்த விதி இல்லாவிட்டால் “அவர் ரொம்ப நல்லவர்” என்ற பேச்சிலேயே நேரம் போய்விடும்.

“இரண்டையும் செய்வார்” என்று சொல்லும் குழு கட்டாயம் ஒன்றாவது வரும். நிதி எங்கிருந்து என்று கேளுங்கள். தங்கக் காசைச் சுவரிலிருந்து தட்டி எடுப்பார் என்றால் ஏற்காதீர்கள். உண்மையான கட்சி, அரசியல்வாதி பெயர்கள் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். காட்டும் கேமுக்கு 16 வயது அறிவுறுத்தலோ 18 வயது நிரம்பியவர்களுக்கான எம்18 தரமோ இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மீதி நேரத்தில் எழுதியதை வாசித்துக் குறுக்குக் கேள்வி கேட்டபின் மறுபடி வாக்கு. இரண்டு பெட்டிகளையும் அவர்கள் முன்னிலையிலேயே எண்ணி எண்களைப் பலகையில் எழுதுங்கள். வாக்கை மாற்றியவர்கள் இரண்டு மூன்று பேரை மட்டும் எழுப்பி, எந்த வரி தங்களை மாற்றியது என்று கேளுங்கள்.