கேள்வி பதில்: கரேல் ஹூசாவின் ‘மியூசிக் ஃபார் ப்ராக் 1968’

துளைக்கருவிகளும் தாளக்கருவிகளும் நிறைந்த இசைக்குழுவுக்காக எழுதப்பட்ட நவீனப் படைப்புகளில் நான் அதிகம் நேசிப்பது இசையமைப்பாளர் ஹூசாவின் இதைத்தான். நான்கு பகுதிகள், ஏறக்குறைய இருபது நிமிடங்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஹூசா செக் நாட்டவரா, அமெரிக்கரா? இதை எங்கிருந்து எழுதினார்?

பிறந்தது பிராக் நகரில், 1921இல். 1946இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் போனார். அதற்குள் நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்துவிட, அவர் திரும்பவில்லை, பாஸ்போர்ட்டையும் இழந்தார். 1954இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தவர், பின்னர் அமெரிக்கக் குடிமகன் ஆனார். 1968 ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த செய்தியை, அவர் வானொலி வழியாகத் தொலைவிலிருந்து கேட்டார். சில வாரங்களில் இந்தப் படைப்பு முடிந்தது. எழுதக் கேட்டது இத்தாகா கல்லூரியின் குழு. 1969 ஜனவரி 31 அன்று வாஷிங்டனில் கென்னத் ஸ்னாப் நடத்த, அது அரங்கேறியது.

கேள்வி: வயலின் இல்லாத குழுவால் இவ்வளவு பெரிய துயரத்தைச் சொல்ல முடியுமா? இரண்டாம் பகுதியைக் கேட்டபோது இந்தச் சந்தேகம் வந்தது.

அந்தப் பகுதியே உங்களுக்குப் பதில் என்று நினைக்கிறேன். ‘ஆரியா’ (ஓபராவில் வரும் தனிப்பாடல்) என்ற அதன் பெயரைக் கேட்டதும் ஓர் இனிய பாடலை எதிர்பார்ப்போம். ஹூசாவோ மெலடியை சாக்ஸபோன்களிடமும் மற்றத் தாழ்ந்த குரல் கருவிகளிடமும் கொடுக்கிறார். கரகரப்பான, கனத்த ஒலி. வில் போட்டு இழுத்தால் சுரம் எவ்வளவு நேரமும் நீளும். ஊதுகிறவருக்கோ மூச்சு தீரும். இந்த மெலடி நீள முயல்வதும், மூச்சுமுட்டுவதும், மறுபடி எழுவதும் வாசிப்பவரின் உடலிலேயே நடக்கிறது. சிம்பொனி இசைக்குழுவுக்கும் ஹூசா இதை மாற்றி எழுதினார். அது நேர்த்தியானது, ஆனாலும் என் மனம் முதல் வடிவத்தின் பக்கம்தான். எக்காளமும் முரசும் ராணுவத்துக்கும் உரியவை, அபாய அறிவிப்புக்கும் உரியவை. அவற்றை வைத்தே ராணுவத்தை எதிர்த்துப் பேசியதில் ஒரு நியாயம் இருக்கிறது.

கேள்வி: இதில் ஒரு பழைய செக் பாட்டு வருகிறது என்கிறார்கள். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் ‘தாபோர்’ கேட்டிருக்கிறேன், அதில் தெளிவாகத் தெரிந்தது. இதில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

நீங்கள் தேடியது முழுப் பாட்டை. அது இந்தப் படைப்பில் எங்குமே முழுதாக வருவதில்லை.

‘கடவுளின் போர்வீரர்களே’ என்று தொடங்கும் இது, 15ஆம் நூற்றாண்டில் யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட்டுகள் போருக்குப் போகும்போது பாடியது. 1431இல் தொமாழ்லிட்சே என்ற இடத்தில், இந்தப் பாட்டின் ஓசை கேட்டே எதிரிப் படை கலைந்தோடியது என்று சொல்வார்கள். ஸ்மெதனா அதை வெற்றிப் பாட்டாகவே கையாண்டார். ஹூசாவிடம் அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். மேலே பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழல் தனியாக ஒரு பறவையின் குரலை ஒலிக்கிறது. பிராக் எப்போதாவது சில கணங்களே கண்ட விடுதலையின் அடையாளம் அது என்று ஹூசாவே எழுதியிருக்கிறார். அடியில், கேட்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு மெல்ல, டிம்பனி என்ற சுருதி சேர்த்த பெருமுரசு தட்டும் சில சுரங்கள்தான் அந்தப் பாட்டு! அடுத்தமுறை பிக்கலோவை விட்டுவிட்டு டிம்பனியை மட்டும் காதில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பகுதியில், இசைக்கலைஞர்கள் தத்தம் போக்கில் வாசிக்க விடப்பட்டு எல்லாம் குழம்பிப்போன பிறகு, மொத்தக் குழுவும் ஒரே குரலில் அந்தப் பாட்டை முழங்குகிறது. அப்போதும் முடிப்பதில்லை. 1968இல் அதை முடித்துக் காட்டியிருந்தால் பொய்யாகியிருக்கும். இந்தப் படைப்பின் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி அந்த மறுப்பினால் வந்தது.

கேள்வி: கர்நாடக இசை கேட்டே பழகியவன். ஆதார சுருதி எது என்றே பிடிபடவில்லை. என் காதில் குறையா?

இல்லை. பன்னிரண்டு சுரங்களையும் சம உரிமையோடு வரிசைப்படுத்தும் முறையைப் படைப்பின் பெரும்பகுதியில் ஹூசா பயன்படுத்துகிறார். அங்கே நிலைகொள்ள ஓர் ஆதாரம் கிடைக்காது. ஆனால் அந்தப் பழைய பாட்டுக்கு உறுதியான ஆதாரம் உண்டு. ஆகவே அது தலைகாட்டும்போதெல்லாம் உங்கள் காதுதான் முதலில் கண்டுகொள்ளும்.

கேள்வி: மூன்றாம் பகுதியில் ஊதுகிறவர்கள் எல்லாரும் சும்மா இருக்கிறார்களே?

ஆம், அது முழுக்கத் தாளக்கருவிகளுக்கானது. அதன் முடிவில் ஸ்னேர் டிரம் உருண்டு உருண்டு வளர்ந்து, இடைவெளி விடாமல் நான்காம் பகுதிக்குள் தள்ளிவிடும்.

கேள்வி: வரலாறு தெரியாமல் கேட்டால் பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் ஹூசா அப்படி விட விரும்பவில்லை. தாம் எழுதிய முன்னுரையை ஒவ்வொரு கச்சேரியிலும் முழுதாக அச்சிட வேண்டும், அல்லது அவையோருக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பிராக் மக்களுக்கு இது நேரில் கிடைக்க ஆட்சி மாற வேண்டியிருந்தது: 1990இல் ஹூசாவே அங்கே போய் நடத்தினார்.

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழு இதை வாசிக்கப்போகிறது. நான் ட்ரம்பெட். எதில் கவனம் வேண்டும்?

முதல் பகுதியில் உங்களுக்கு வரும் முழக்கங்களை விழா வரவேற்பைப்போல ஊதிவிடாதீர்கள். அவை ஆபத்தில் இருப்பவர்களின் அழைப்புகள். சத்தம் வேண்டும், பளபளப்பு வேண்டாம். குழுவாக ஒத்திகை பார்க்கும்போது தொடக்கத்தின் மெல்லிய பக்கங்களுக்கு அதிக நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கே புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஹார்னும் வைக்கும் மூன்று இசைவுகள்தான் (பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ‘கார்டு’கள்) பின்னால் ‘ஆரியா’வின் நடுவே பேரோசையாகத் திரும்புகின்றன. முதலில் அவை கலங்கினால் பிறகு யாருக்கும் அடையாளம் தெரியாது. கடைசி ஒற்றைக் குரலில் சுருதி சேர்வது எல்லாவற்றையும்விடக் கடினம். அதை முதலில் மெதுவாக, குரலில் பாடிப் பழகிவிட்டுக் கருவியை எடுங்கள்.