நான்கு கைத்துப்பாக்கிகளும் ஒரு கடன்பற்று அட்டையும்

கேள்வி: எனக்கு வயது 51. தளவாட நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளம் 5,600 வெள்ளி. மத்திய சேமநிதிக்கான பிடித்தம் போகக் கைக்கு வருவது 4,480 வெள்ளி. நெடுங்காலமாகத் துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் உறுப்பினர். முறையாக உரிமம் பெற்று வாங்கிய நான்கு கைத்துப்பாக்கிகள் மன்றத்தின் ஆயுதக் கிடங்கில் இருக்கின்றன: 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, 25 மீட்டர் போட்டிக்கான பாயிண்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா போடுவது), 50 மீட்டருக்கான ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, மூத்த உறுப்பினர் ஒருவர் விலகியபோது அவரிடம் வாங்கிய, குட்டைத் தோட்டா போடும் பழைய பாயிண்ட் 22 ஷார்ட். காற்றுத் துப்பாக்கியைத் தவிர மற்றவற்றை நான் எடுப்பதே அரிது. கடன்பற்று அட்டைகளில் நிலுவை 14,600 வெள்ளி ஆகிவிட்டது. நான்கையும் விற்றால் 9,000 வெள்ளி கிடைக்கும் என்று நினைக்கிறேன். பாதியை அட்டைக்குக் கட்டிவிட்டு, மீதியை நான் மாதம் 300 வெள்ளி போட்டுவரும் மின்னிலக்க நாணயத்தில் (கிரிப்டோ) சேர்க்கலாமா? மலேசியாவின் ஜொகூரில் உணவகம் நடத்தும் என் மைத்துனர், அங்கே வாங்குவதற்கு ஆள் இருப்பதாகச் சொல்கிறார். அட்டைக் கணக்கறிக்கைகளை இணைத்திருக்கிறேன். (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்)

பதில்: அட்டைக் கடனுக்கு வட்டி அதிகம் என்பதும், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியாதவை அல்ல, அவற்றை விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. துப்பாக்கிகளைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய கணக்கறிக்கைகளில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியையொட்டி ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: ரொக்க முன்பணம் 600 வெள்ளி, அதற்கடுத்து முன்பணக் கட்டணம் 48 வெள்ளி. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், மைத்துனருக்கு "மாதாமாதம் கொஞ்சம் கைமாற்றாக" அனுப்புவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்சம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு உங்கள் நிலுவை ஏறத்தாழ 4,000 வெள்ளி. வீட்டைப் புதுப்பித்த செலவு என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நீங்கள் அட்டையில் பெரிதாக எதுவும் வாங்கவில்லை, ஒரு மாதத்துக் குறைந்தபட்சத் தொகையைக்கூடத் தவறவிடவில்லை, அப்படியிருந்தும் கடன் மூன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கிறது. உங்கள் அட்டைக்கு ஆண்டு வட்டி 27 விழுக்காடு, அதாவது மாதத்துக்கு இரண்டேகால். இன்றைய நிலுவைக்கு மாத வட்டி மட்டும் 330 வெள்ளி ஆகிறது. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை 440 வெள்ளி; ஆக, அசலில் குறைவது 110 வெள்ளிதான். அதே மாதத்தில் 648 வெள்ளி புதிதாக ஏறுகிறது. மாதாமாதம் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டே மாதாமாதம் 540 வெள்ளி ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அட்டையில் பொருள் வாங்கினால், முந்தைய நிலுவை இல்லாத நிலையில், கட்டவேண்டிய நாள்வரை வட்டி கிடையாது. ரொக்கமாக எடுத்தால் அந்தச் சலுகையே இல்லை. எடுத்த அன்றைக்கே 8 விழுக்காடு கட்டணம், அன்றிலிருந்தே நாள் வட்டி. மைத்துனருக்கு 600 வெள்ளி கொடுப்பதற்கு முன்பே வங்கிக்கு 48 வெள்ளி கொடுத்துவிடுகிறீர்கள். பதினெட்டு மாதங்களில் அந்தக் கட்டணம் மட்டும் 860 வெள்ளிக்கு மேல் போயிருக்கிறது. உணவகம் நடத்துவதற்கு இதைவிட விலை கூடிய மூலதனத்தைத் தேடிப்பிடிப்பது கடினம், அதையும் அவருக்காக நீங்கள் உங்கள் பெயரில் கடனாக வாங்கித் தந்துகொண்டிருக்கிறீர்கள்.

இந்தப் பழக்கம் தொடரும் என்றே வைத்துக்கொண்டு துப்பாக்கிகளை விற்றுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்ப்பது 9,000 வெள்ளி. நான் 5,000 வெள்ளிக்கு மேல் கணக்கில் எடுக்க மாட்டேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்த 5,000 வெள்ளியையும் அட்டைக்கே கட்டினாலும், ஒன்பது மாதத்துக்குள் நிலுவை மறுபடியும் இன்றைய அளவுக்கு வந்து நிற்கும். அப்போது விற்பதற்குத் துப்பாக்கிகளும் இருக்காது.

முன்பணம் எடுப்பதை இந்த மாதமே நிறுத்துங்கள். வங்கியை அழைத்து, இரண்டு அட்டைகளிலும் ரொக்க முன்பண வசதியை நீக்கச் சொல்லுங்கள், கடன் வரம்பையும் குறைக்கச் சொல்லுங்கள். மன உறுதியை நம்பி வசதியை விட்டுவைக்கவேண்டாம். அடுத்த ஐந்தாம் தேதி ஜொகூரிலிருந்து தொலைபேசி வரும்போது உங்களால் "இல்லை" என்று சொல்ல முடியாமல் போகலாம், வங்கி சொல்லிவிடும்.

அடுத்தது மின்னிலக்க நாணயம். இதில் என் பொறுமை சற்றுக் குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 27 விழுக்காட்டு வட்டியில் கடன் வாங்கி வைத்திருப்பவர் மாதம் 300 வெள்ளியை அதில் போடுகிறார் என்றால், கடன் வாங்கி ஊக வணிகம் செய்கிறார் என்றே அதற்குப் பொருள். பணம் எந்தப் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்பது இங்கே முக்கியமில்லை. ஆண்டுதோறும் 27 விழுக்காட்டுக்கு மேல் உறுதியாக ஈட்டித் தரும் முதலீடு எதையும் நான் கண்டதில்லை, அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்பவர்களைக் கண்டால் விலகி நடப்பேன். இவ்வகை நாணயங்களில் வர்த்தகம் செய்வது பொதுமக்களுக்கு ஏற்றதல்ல என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022ஆம் ஆண்டிலேயே கூறி, அவற்றைப் பொது இடங்களில் விளம்பரம் செய்வதற்கும் கட்டுப்பாடு விதித்தது. செயலியில் இப்போது 3,700 வெள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். துப்பாக்கிகளுக்கு முன்பு விற்கவேண்டியது அதைத்தான். அதற்கு உரிமம் வேண்டாம், ஆள் தேட வேண்டாம், இன்றிரவே முடிந்துவிடும்.

மாதம் 300 வெள்ளியும் அட்டைக்கே திரும்பினால், நீங்கள் கட்டக்கூடியது 740 வெள்ளி. எதையும் விற்காமல் இந்தத் தொகையை மட்டும் கட்டிவந்தால் 14,600 வெள்ளி தீர ஏறத்தாழ 27 மாதங்கள் பிடிக்கும், வட்டியாக 4,900 வெள்ளி போகும். துப்பாக்கிகளை விற்று 5,000 வெள்ளியை முதலிலேயே கட்டினால் 16 மாதங்கள், வட்டி 1,900 வெள்ளி. செயலியில் உள்ள 3,700 வெள்ளியையும் சேர்த்துக் கட்டினால் எஞ்சுவது 5,900 வெள்ளி. ஒன்பது மாதங்களில் முடிந்துவிடும், வட்டியும் 700 வெள்ளிக்குள் நிற்கும். கணக்கு தோராயமானதுதான். எஞ்சும் தொகையைக் குறைந்த வட்டித் தனிநபர் கடனுக்கு மாற்றினால் இன்னும் சில நூறு வெள்ளி மிச்சமாகும். முன்பண வசதி நீங்கிய பிறகு மட்டும் அதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கடன்கள் ஆகிவிடும். வங்கிகளின் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் உங்களுக்கு இல்லை. அது பிணையற்ற கடன் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டியவர்களுக்கு உரியது. நீங்கள் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை.

ஆக, துப்பாக்கிகளை விற்பதால் பதினொரு மாதமும் 3,000 வெள்ளியும் மிச்சமாகின்றன. விற்பது சரியே. ஆனால் நான்கையும் விற்கவேண்டாம்.

50 மீட்டர் துப்பாக்கியை முதலில் விற்கவேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கோடு அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்துக்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்புக் குழுப் போட்டிகள் வந்தன. தென்கொரியாவின் ஜின் ஜோங் ஓ 2008, 2012, 2016 என்று தொடர்ந்து மூன்று முறை அதில் தங்கம் வென்றவர். அவருக்குப் பிறகு அந்தப் பதக்கத்தை வெல்ல இனி யாருக்கும் வாய்ப்பில்லை. இளம் வீரர்கள் இப்போது அந்தப் போட்டிக்கென்று புதிதாகப் பழகத் தொடங்குவதற்குக் காரணம் குறைந்துவிட்டதால், கைப்பிடியெல்லாம் செதுக்கிச் செய்யப்பட்ட அந்த அருமையான கருவியை வாங்குவதற்கு ஆட்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைவார்கள். இனி விலை ஏறும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

பாயிண்ட் 22 ஷார்ட்டின் கதையும் இதேதான், இன்னும் பழையது. 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் ஷார்ட் தோட்டா 2005ஆம் ஆண்டோடு விலக்கப்பட்டு, அதைவிட நீளமான லாங் ரைபிள் தோட்டா கட்டாயமானது. எனவே நீங்கள் வாங்கியது, அது எந்தப் போட்டிக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் போட்டியிலேயே பயன்படுத்த முடியாத ஒன்று. பழம்பொருள் மதிப்பு உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். பழம்பொருளுக்கு மதிப்பு வருவது அதை வாங்கிச் சேர்ப்பவர்கள் நிறைந்த நாட்டில். இங்கே ஒரு துப்பாக்கியை அலமாரியில் வைத்து அழகு பார்க்க யாராலும் முடியாது. கிடைத்த விலைக்குக் கொடுங்கள். உங்கள் 9,000 வெள்ளியை நான் 5,000 ஆக்கியதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டும்தான்.

மறுபாதிக் காரணம் சந்தையின் அளவு. உங்களிடமிருந்து வாங்கக்கூடியவர் உரிமம் உள்ள மன்ற உறுப்பினராகவோ உரிமம் பெற்ற வணிகராகவோ இருக்கவேண்டும், காவல்துறையின் உரிமப் பிரிவு அனுமதித்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். அந்த அனுமதி ஓரிரு நாளில் வருவதல்ல. இதையெல்லாம் தெரிந்தே வாங்க வருபவர்கள் விலையைத் தாராளமாகச் சொல்ல மாட்டார்கள். 25 மீட்டர் பாயிண்ட் 22க்குத்தான் உண்மையான தேவை இருக்கும். அதைக் கொடுப்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் ஆண்டுக்கு ஓரிரு முறை எடுக்கும் ஒன்றுக்காக உரிமக் கட்டணமும் கிடங்குக் கட்டணமும் கட்டுவது இன்றைய நிலையில் நியாயமில்லை. மன்றத்தின் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுட வழியிருக்கிறதா என்று செயலாளரிடம் கேளுங்கள்.

காற்றுத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்துவது அது ஒன்றுதான், ஈயக் குண்டுகளுக்கு ஆகும் செலவும் சொற்பம். ஓய்வு நேரத்தில் ஒரு மனிதருக்குப் பிடித்த காரியம் எதுவும் மிஞ்சாதபடி போடும் சிக்கனத் திட்டம் மூன்று மாதம்கூடத் தாங்காது. அதன் காற்று உருளையில் பொறித்திருக்கும் தேதியை மட்டும் பார்த்துவிடுங்கள். தயாரித்துப் பத்து ஆண்டுகளைத் தாண்டிய உருளையைப் போட்டியில் பயன்படுத்தக்கூடாது, புதியது வாங்க ஒரு தொகை ஒதுக்கவேண்டியிருக்கும்.

மற்ற மூன்றையும் இப்போதே விற்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வங்கிக் கணக்கையோ நகையையோ போலத் துப்பாக்கியை வாரிசு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் மனைவிக்கு உரிமம் இல்லை. உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், அவர் துக்கத்தோடு துக்கமாக உரிமப் பிரிவுக்கும் மன்றத்துக்கும் அலைந்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

மைத்துனர் சொல்லும் ஜொகூர் ஆளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இங்கிருந்து கொண்டுபோக ஓர் அனுமதி, அங்கே கொண்டுசேர்க்க ஓர் அனுமதி, வாங்குபவருக்கு அங்கே உரிமம் என்று எதுவுமே கைவசம் இல்லை; பாலத்தின் இரு பக்கமும் ஆயுதச் சட்டங்கள் எவ்வளவு கடுமையானவை என்பதை உங்களைப்போன்ற நீண்டகால உறுப்பினருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு யோசனையைச் சாதாரணமாகச் சொல்லக்கூடியவரிடம் உங்கள் 10,800 வெள்ளி இருக்கிறது என்பதையும் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். தீபாவளிக்குள் தருவதாக அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆண்டுத் தீபாவளி என்று எழுதவில்லை.

அந்தத் தொகையைத் திரும்பி வராத பணமாகவே கணக்கில் வையுங்கள். வந்தால் அப்படியே அட்டைக்குக் கட்டுங்கள். அவருக்கு உதவவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனைவியின் தம்பி, தொழில் தள்ளாடுகிறது, கை நீட்டுகிறார், கொடுக்கத்தான் தோன்றும். கொடுப்பது உங்கள் சம்பளத்தில் மிஞ்சியதாக இருக்கவேண்டும், வங்கியின் பணமாக இருக்கக்கூடாது. இப்போதைக்குச் சம்பளத்தில் மிஞ்சுவது எதுவும் இல்லை என்பதால், அட்டை நிலுவை தீரும்வரை அவருக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு மாதம் 150, 200 வெள்ளி என்று திருப்பிக் கேட்காத தொகை ஒன்றை நீங்களும் மனைவியும் சேர்ந்து முடிவுசெய்துகொள்ளலாம்.

மனைவியிடம் இந்தப் பணம் அட்டையிலிருந்து போவதைச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பிக்குக் கணவர் உதவுகிறார் என்று அவர் மகிழ்ந்துகொண்டிருக்கலாம். 27 விழுக்காட்டு வட்டிக்கு உதவுகிறார் என்று தெரிந்தால் முதலில் நிறுத்தச் சொல்பவரே அவராக இருக்கக்கூடும். வங்கியை அழைப்பதற்கு முந்தைய நாள் கணக்கறிக்கைகளை அவர் முன் வையுங்கள். ஜொகூருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பையும் முடிந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள்; அக்கா சொன்னால் தம்பியால் நீட்டி வாதாட முடியாது.