துயரக் கவிதையில் புராணத்துக்கு என்ன வேலை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தற்காலக் கவிதைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஒரு சந்தேகம் கேட்கலாமா?

எனக்குச் சொந்த ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். கல்யாணமாகிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டேன். 2004 சுனாமியில் என் அத்தையைக் கடல் கொண்டுபோனது. அன்று காலை அவர் வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். “சீக்கிரம் குளிச்சிட்டு வாடி, இட்லி ஆறுது” என்று என்னைத் திட்டினார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

போன மாதம் தோழி ஒருத்தி ஒரு கவிதைத் தொகுப்பைக் கொடுத்தாள். அதில் சுனாமி பற்றி ஒரு கவிதை. கடல் எழுந்ததை ஆடவல்லானின் ஊழித் தாண்டவமாகக் கவிஞர் எழுதியிருக்கிறார். நுரை அவன் சடை, அலை அவன் சிலம்பு, கரையோரக் குப்பம் அவன் தூக்கிய திருவடியின் நிழல் என்றெல்லாம் வருகிறது. அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததாலேயே கோபம் வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மற்ற கவிதைகளிலும் கொற்றவை, அகலிகை, அரவான் என்று யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் பி.காம். படித்தவள், புராணம் அவ்வளவாகத் தெரியாது. தெரியாதவர்கள் இவற்றை வாசிக்க முடியாதா? செத்துப்போனவர்களைப் பற்றி இப்படி அழகாக எழுதுவது சரிதானா? இல்லை, என் கோபமே விவரம் தெரியாததால் வந்ததா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கோபம் விவரம் தெரியாததால் வந்ததில்லை. அந்தத் தொகுப்பை நானும் வாசித்திருக்கிறேன். அந்தக் கவிதையைச் சரியாக வாசித்தது உங்கள் கோபம்தான். கவிஞரின் பெயரை இங்கே எடுக்கப்போவதில்லை. எடுத்தால் பேச்சு அந்த ஒருவரைப் பற்றியதாகச் சுருங்கிவிடும்.

நடராசர் திருவுருவத்தில் கால்கள் இரண்டுக்கும் வேறு வேறு பொருள் உண்டு. ஊன்றிய காலின் கீழே முயலகன் என்ற அசுரன் கிடக்கிறான். தூக்கிய திருவடி அருளைக் காட்டுவது, உயிர்கள் போய்ச் சேரும் புகலிடம் என்று சைவர்கள் சொல்வார்கள். இப்போது அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள். குப்பம் தூக்கிய திருவடியின் நிழல் என்றால் என்ன அர்த்தம்? உங்கள் அத்தைக்கு அன்று காலை கிடைத்தது அருள் என்று அந்தக் கவிதை சொல்கிறது. அதைச் சொல்லும் உரிமையை அந்தக் கவிஞருக்கு யார் கொடுத்தார்கள்? சைவ சித்தாந்தம் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அந்த வரி உங்களைச் சுட்டிருக்கிறது. படித்திருந்தால் கோபத்துக்கு ஒரு விளக்கம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், புராணம் தெரியாது என்கிறீர்கள். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர் அப்படிச் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் உங்கள் ஊர்க் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். இங்கே புதுச்சேரியில் வைத்திக்குப்பத்துக் கடற்கரைக்கு மயிலம் முருகன் வருகிறார். திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும், அதற்கு முன்னால் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தும் நம் இரண்டு ஊருக்கும் பொது. மாசியில் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை. சித்திரையில் கூத்தாண்டவர் கோயில்களில், பாரதப் போருக்குக் களப்பலியான அரவானுக்குத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள், மறுநாள் அறுக்கிறார்கள். கூவாகம் வரை போக வேண்டாம், புதுச்சேரிக்குப் பக்கத்தில் பிள்ளையார்குப்பத்திலேயே அந்தத் திருவிழா நடக்கிறது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவருக்குப் புராணம் அழுகையாகவும் வேண்டுதலாகவும் பொங்கல் பானையாகவும் தெரிந்திருக்கிறது. புத்தகத்தில் மட்டும் படித்தவரைவிட நீங்கள் ஒரு படி கிட்டே நிற்கிறீர்கள். ஏதாவது ஒரு பெயர் பிடிபடவில்லை என்றால் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி இருக்கிறது. 1910இல் வந்த புத்தகம், இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதை இரண்டாவது வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கவிதையில் வலி யாருக்கு, பேசுவது யார்?

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உங்கள் மாவட்டத்துக் கவிஞர். ஏழாம் நூற்றாண்டுக்காரர். அப்பர் என்று சொல்கிறோமே, அந்தத் திருநாவுக்கரசர்.

தற்காலக் கவிதை பற்றிக் கேட்டால் தேவாரத்துக்குப் போகிறேனே என்று நினைக்க வேண்டாம். புராணமும் அழகும் துயரமும் ஒரே பாட்டுக்குள் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது. சமண மடத்தில் இருந்தவருக்குச் சூலை நோய் வருகிறது. அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வருகிறார். அங்கே பாடியது ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ பதிகம். வலியை அவர் எப்படிச் சொல்கிறார் பாருங்கள்: வயிற்றின் அகம்படியே ‘குடரோடு துடக்கி முடக்கியிட’. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொற்களே வயிற்றைப் பிடித்து முறுக்குகின்றன. உவமை எதுவும் இல்லை.

பத்தாம் பாட்டில்தான் புராணம் முழுசாக வருகிறது. கயிலை மலையைத் தூக்கிய இராவணனைச் சிவன் கால் விரலால் அழுத்தி, பிறகு அவனுக்கே அருள் செய்த கதை. தம் பதிகங்களின் முடிவில் இராவணனைக் கொண்டுவருவது அப்பருக்குப் பெரும்பாலும் வழக்கம். வழக்கமான அந்த இடம் இங்கே எப்படி மாறிவிடுகிறது!

‘ஆர்த்தான் அரக்கன் தனை மால்வரைக்கீழ்
அடர்த்திட்டு அருள்செய்த அதுகருதாய்
வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்
என்வேதனை ஆன விலக்கியிடாய்’

மலைக்கடியில் ஓர் உடல் நசுங்குகிறது. அடுத்த வரியில் வேர்த்துப் புரண்டு விழுந்து எழுகிற இன்னோர் உடல். இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு அப்பர் கேட்கிறார்: அவனுக்கே இரங்கினாயே, அதை நினைத்துப் பார், எனக்கு ஏன் இந்தத் தாமதம்? சாமியின் பழைய செயலையே சாட்சியாக வைத்துச் சாமியிடம் வழக்காடுகிறார். வலியில் கிடப்பவருக்குப் புராணம் ஒரு பிடிமானமாகக் கிடைத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்.

நீங்கள் சொன்ன கவிதையில் இது தலைகீழாகிவிட்டது. கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் புராணம் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எல்லாம் அவன் ஆட்டம், ஆகையால் சரி. பேசுகிற குரல் எங்கேயோ உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் சடையும் சிலம்பும் தெரிகின்றன, கரையில் ஒரு மனுஷர்கூடத் தெரியவில்லை. நண்டு வலை இல்லை, வாசல் இல்லை. துயரத்தை எழுதும் தற்காலக் கவிதைகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று எனக்குக் குழப்பம் வரும்போதெல்லாம் இதைத்தான் பார்க்கிறேன். துன்பப்படுகிறவர் புராணத்தைக் கையில் எடுத்துக் கேட்கிறாரா, இல்லை அவர் வாயை அடைக்க யாராவது அதைக் கொண்டுவருகிறார்களா?

கடலூரிலேயே கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் எறியச் சொன்ன அப்பர், ‘கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே’ என்று பாடிக்கொண்டே மிதந்து கரை சேர்ந்த இடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். கல்லோடு போனவரைக் கொண்டுவந்து விட்ட கடல், வாசலில் நண்டு கழற்றிக்கொண்டிருந்தவரை ஏன் எடுத்துக்கொண்டது? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் நின்று ஒருவர் எழுதினால் அந்தக் கவிதைக்குப் புராணம் தேவைப்படும். அப்படி ஒன்றை நான் இன்னும் வாசிக்கவில்லை, வாசிக்க ஆசைப்படுகிறேன்.

நம் காலத்துக்குக் கிட்டே வந்தால், புதுச்சேரியில் இருந்துகொண்டு பாரதி எழுதிய பாஞ்சாலி சபதம் இருக்கிறது. அதன் முதல் பாகம் 1912இல் வெளிவந்தது. துச்சாதனன் பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துப்போகும்போது பாரதி வேடிக்கை பார்க்கும் ஊர்ச்சனத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார். ‘நெட்டை மரங்களென நின்று புலம்பினார்’ என்கிறார். அந்த வரி வந்ததும் கதை அஸ்தினாபுரத்தில் நிற்பதில்லை, வாசிக்கிற நம்மைப் பார்த்து விரல் நீள்கிறது. (அதே பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் கைதாகிக் கடலூர்ச் சிறையில்தான் இருந்தார். கடலூரின் கெடில ஆற்றங்கரைக்கும் தமிழ்க் கவிதைக்கும் உள்ள உறவில் இதுவும் ஒன்று.)

இன்னும் ஒன்று, ஈழத்திலிருந்து. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பிறகு எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’. கனவில் புத்தர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டவர்கள் சிவில் உடையில் வந்த அரச காவலர்கள். அவர் உடல் நூலகத்தின் படிக்கட்டருகே கிடக்கிறது. நூலகத்துப் புத்தகங்களைக் குவித்துப் புத்தரின் உடலையும் சேர்த்து எரிக்கிறார்கள், தம்மபதமும் சாம்பலாகிறது. கவிதையில் அலங்காரமே கிடையாது, ஒரு சம்பவ அறிக்கை மாதிரி நகர்கிறது. கொன்றவர்கள் கும்பிடும் பெருமானையே கொல்லப்பட்டவராகக் கிடத்திவிட்டார் நுஃமான். ஒரு புனித உருவத்தை இவ்வளவு சரியான இடத்தில் வைத்த கவிதை தமிழில் குறைவு. புத்தர் அங்கே யாருக்கும் ஆறுதல் சொல்ல வரவில்லை, குற்றம் சாட்டக் கிடக்கிறார்.

இனி அழகு. செத்துப்போனவர்களைப் பற்றி அழகாக எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம், எழுத வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் ஒப்பாரி வைத்து நீங்கள் கேட்டிருப்பீர்கள். மார்பில் அடித்துக்கொண்டு பாடும்போதும் எதுகை தப்புவதில்லை, ராகம் இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்கிறது. பொன்னே என்கிறார்கள், பூவே என்கிறார்கள், போனவர் உட்கார்ந்த திண்ணையையும் அவர் வாங்கிவந்த சேலையின் கரையையும் பாட்டில் கொண்டுவருகிறார்கள். சாவு வீட்டில் அழகாகப் பாடிவிட்டாள் என்று யாரும் அவர்களைக் குறை சொன்னதில்லை. போனவரோடு வாழ்ந்தவள் பாடுகிறாள். அவள் அழகு போனவரை நம் கண்முன் நிறுத்துகிறது. உங்களைக் கோபப்படுத்திய கவிதையின் அழகு போனவர்களை மறைத்துவிட்டது. சடை, சிலம்பு, நிழல் என்று எல்லாம் கடலுக்கே போட்ட நகைகள். செத்தவர்களுக்கு அதில் ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

உங்கள் கடிதத்தில் ‘இட்லி ஆறுது’ என்று ஒரு பேச்சு வருகிறது. அந்தக் கவிதை முழுவதையும்விட எனக்கு அது அழகாகப் பட்டது. மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரு காலை நேரமும், ஒரு வீடும், மருமகள் மேல் உரிமையோடு கோபப்படும் ஒரு மனுஷியும் அந்தப் பேச்சில் இருக்கிறார்கள். கவிதையில் அழகு என்று நான் தேடுவதும் இதைத்தான், சொல்ல வேண்டியது பிசகாமல் சொல்லப்பட்டிருப்பது.

ஒரு வேண்டுகோள். அந்தத் தொகுப்பை மூடியே வைத்துவிடாதீர்கள். அதில் அரவானைப் பற்றிய கவிதை ஒன்று கடைசிப் பக்கங்களில் வருகிறது. தாலி அறுத்த மறுநாள் காலை, வெள்ளைச் சேலையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு திருநங்கை பேசுகிறாள். களப்பலிக்கு என் புருஷனைக் கேட்டவர்களில் யாராவது அவனுக்காக அழுதார்களா என்று கண்ணனிடமே கேட்கிறாள். பேருந்து நிலையத்து வெயில், உடைந்த வளையல் கீறிய மணிக்கட்டு, நடத்துநர் காட்டும் அலட்சியம் எல்லாம் அதில் இருக்கின்றன. அதே கவிஞர்தான் எழுதியிருக்கிறார். சுனாமிக் கவிதையில் உயரத்தில் நின்றவர் இங்கே கீழே இறங்கி அவள் பக்கத்தில் நிற்கிறார். அவருக்குத் தெரிந்த வலி இது என்று நினைக்கிறேன். உங்கள் ஊரின் வலி அவருக்குத் தொலைக்காட்சியில் பார்த்ததாக இருக்கலாம்.

அதனால் எனக்கு எழுதியதை அவருக்கும் எழுதுங்கள். பதிப்பகத்துக்கு அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். எந்த வரியில் கோபம் வந்தது என்று நேரடியாகவே சொல்லுங்கள், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அத்தை நண்டு கழற்றிக்கொண்டிருந்ததையும் அவர் பேசியதையும் அப்படியே எழுதுங்கள். அவரிடமிருந்து பதில் வந்தால் எனக்கும் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்.